பொலிஷ் பேட்டும் ஒரு முதல்தான்

“நானா, போன மாசம் வாங்கின பேட். இந்த மாசம் கிழிஞ்சு போச்சு. கடைக்காரன் பழுதான சாமானைத் தந்து ஏமாத்திப்போட்டான்.”

வாகனங்களுக்குப் பொலிஷ் போடும் தொழிலில் இருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. பேட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பேன். முகத்தில் பழைய கொம்பவுண்ட் காய்ந்து இறுகிப்போயிருக்கும். நடுப்பகுதி குழிவிழுந்திருக்கும். பின்பக்க வெல்க்ரோ சூட்டில் இளகி ஓரத்தில் கழன்றிருக்கும். “இதைக் கடைசியாக எப்போது கழுவினீர்?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

பிழை கடைக்காரரிலும் இல்லை, பேட்டிலும் இல்லை. நாம் அதை நடத்தும் முறையில்தான் இருக்கிறது. சேர்விஸ் ஸ்டேஷன், பெயின்ட் கராஜ், பழைய வாகனம் வாங்கி விற்றல் ஆகிய தொழில்களில் இருக்கும் சகோதர வியாபாரிகளுக்காக இந்த வாரம் இந்தச் சிறிய நுரைப் பஞ்சைப் பற்றி எழுதுகிறேன். விடயம் சிறியதுதான். ஆனால் மாதக் கணக்கைப் பார்க்கும்போது அது சிறியதல்ல என்பது விளங்கும்.

2020 மார்ச் மாதத்தில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட சுமார் ஐந்து ஆண்டுகளும் இருக்கின்ற வாகனத்தையே துலக்கி ஓடவேண்டிய நிலை. பொலிஷ் வேலைக்கு மதிப்பு வந்தது இந்தக் காலத்தில்தான். அதேவேளை 2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனது. பேட், கொம்பவுண்ட், மெசின் எல்லாமே வெளிநாட்டுச் சாமான்கள். வேலை கூடியது, வேலைச் சாமானின் விலையும் கூடியது. இப்படியான தொழிலில் வாங்கிய சாமானை நீண்டநாள் உழைக்க வைப்பவரே இலாபம் காண்பார்.

நான் பட்டுக் கற்ற பாடம்

யுத்தம் முடிந்து ஏ9 வீதி மீண்டும் திறந்த பின்னர், யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திக்குக் கிட்ட ஒரு சிறிய இடத்தில் இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். அப்போது என்னிடம் இருந்தவை ஒரு மெசின், மூன்று பேட்கள், ஒரு பையன்.

ஒருநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது கறுப்புக் காரைக் கொண்டுவந்து விட்டார். மகளின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாட்கள். முதல்நாள் ஒரு வானுக்குப் பாவித்த பேட்களைக் கழுவாமல் அப்படியே எடுத்து வேலையைத் தொடங்கினோம். நடுவில் பேட் ஒன்று நிலத்தில் விழுந்தது. பையன் அதை எடுத்துத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மீண்டும் மெசினில் ஒட்டினான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் டியூப் லைட் வெளிச்சத்தில் கார் கண்ணாடிபோல மின்னியது. காசையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் காரோடு திரும்பி வந்தார். கோபப்படவில்லை. “தம்பி, இஞ்சை வந்து வெயிலுக்கை நிண்டு பாரும். சிலந்தி வலை மாதிரிக் கிடக்குது” என்றார். பார்த்தேன். பொனற் முழுவதும் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். நான்தான் கீறியிருக்கிறேன்.

புதிய பேட்கள் வாங்கி, இரவிரவாக முழுக் காரையும் திரும்பச் செய்து கொடுத்தேன். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. “நாளைக்கு வேறை ஆற்றையும் காருக்கு இப்பிடிச் செய்து போடாதையும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை இன்றுவரை என் கடையில் சட்டமாக இருக்கிறது.

இதில் காசு நட்டத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. கம்பனியில் அடித்த பெயின்ட் முழுவதுமாகச் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு கடதாசித் தாளின் தடிப்புத்தான், அதாவது 100 மைக்ரோன் அளவு. அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் ஏறக்குறைய பாதி. பொலிஷ் போடுவது என்றால் அந்தக் கிளியரில் மெல்லிய அளவைச் சுரண்டி எடுப்பதே ஆகும். நமது கவலையீனத்தால் இரண்டாம் தடவை சுரண்டினால், அந்த மனிதரின் காரிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியாது. ஒருவர் நம்மை நம்பி விட்டுச்செல்லும் வாகனம் அமானிதம் என்பதை மறக்கக்கூடாது.

பேட்டுக்குள் என்ன நடக்கிறது?

பேட்டின் நுரை பொலியூரெத்தேன் என்ற பொருள். 1937 இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தது. பின்பக்கம் ஒட்டும் வெல்க்ரோ, சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரலின் கண்டுபிடிப்பு. காட்டில் நடந்து வந்தபின் உடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டியிருந்த முட்காய்களைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. இவை இரண்டையும் இணைத்து வைத்திருப்பது ஒரு பசை. நுரை, பசை, வெல்க்ரோ ஆகிய மூன்றில் எது பழுதானாலும் பேட் போய்விடும். இம்மூன்றுக்கும் பொது எதிரி சூடு.

சூடு எங்கிருந்து வருகிறது? வேலை செய்யும்போது பேட்டின் துவாரங்களில் மூன்று விதமான கழிவுகள் சேர்கின்றன. உழைத்து முடிந்த கொம்பவுண்ட் துகள்கள், சுரண்டி எடுத்த பெயின்ட் தூள், பொலிஷில் உள்ள எண்ணெய். இவை துவாரங்களை அடைத்ததும் நுரைக்குள் காற்றோட்டம் நின்றுவிடுகிறது, பேட் வழுக்குகிறது. வெட்டு விழவில்லை என்று நாம் மெசினை இன்னும் அழுத்துகிறோம், வேகத்தைக் கூட்டுகிறோம். உராய்வுச் சூடு நடுப்பகுதியில் தேங்கிப் பசை இளகுகிறது, நுரை குழிவிழுகிறது. அழுக்குப் பேட் முதலில் தன்னை எரிக்கும், பிறகு பெயின்டை எரிக்கும்.

இங்கே ஒரு குறிப்பு. யாழ்ப்பாணத்தில் இன்றும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைப் பொக்கிஷம்போலக் காப்பவர்கள் இருக்கிறார்கள். 1990 களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி மக்களைக் காப்பாற்றிய வாகனங்கள் அவை. அவற்றின் பழைய பெயின்டில் பெரும்பாலும் கிளியர் கோட் இருக்காது. எனவே பச்சைக் காருக்குப் பொலிஷ் போட்டால் பேட்டும் பச்சையாகும். அது இயல்பு. ஆனால் புதிய வாகனத்தில் பேட்டுக்கு நிறம் ஏறினால், கிளியரைத் தாண்டிப் போய்விட்டோம் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே மெசினை நிறுத்திவிடுங்கள். அழுக்கான பேட்டில் இந்த அடையாளம் தெரியவே தெரியாது. பேட்டைச் சுத்தமாக வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

வேலை நடக்கும்போதே செய்யவேண்டியவை

1. ஒரு கதவு, ஒரு பொனற் என ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேட்டைத் துப்புரவாக்குங்கள். மெசினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சுத்தமான துவாய்த் துணியைப் பேட்டின் முகத்தில் அழுத்திப் பிடித்தால் பெரும்பகுதி அழுக்குத் துணிக்கு வந்துவிடும். அல்லது மெசினை நிறுத்தி, மென்மையான நைலோன் பிரஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் கூடாது.

2. கொம்ப்ரஸர் இருப்பவர்கள் காற்றடித்து ஊதலாம். காற்றைச் சரிவாகப் பிடிக்கவேண்டும். கிட்டப்பிடித்து நேராக அடித்தால் நுரை கிழியும். வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக நின்று ஊதுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம். அந்தத் தூள் நமது சுவாசத்துக்கு நல்லதல்ல.

3. ஒரு காருக்கு ஒரு பேட் என்ற கணக்கை விடுங்கள். ஒரே வகையில் இரண்டு மூன்று பேட்களை மாற்றி மாற்றிப் பாவித்தால் சூடு தேங்காது.

4. கொம்பவுண்ட் பேட், பொலிஷ் பேட், வெக்ஸ் பேட் மூன்றையும் கலக்கவேண்டாம். கொம்பவுண்ட் பூசிய பேட்டை எவ்வளவு கழுவினாலும் அதில் கடைசி வேலை செய்யக்கூடாது. நிறத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஒரு கம்பனியின் செம்மஞ்சள் நிறம் கடினமான பேட்டாக இருக்கும், மற்றக் கம்பனியில் அதே நிறம் மென்மையானதாக இருக்கும். நிறங்களுக்குப் பொதுவிதி கிடையாது. வெல்க்ரோப் பக்கத்தின் ஓரத்தில் அழியாத பேனையால் எழுதி வையுங்கள்.

5. நிலத்தில் விழுந்த பேட் அன்றைய வேலைக்கு இல்லை. நமது மண்ணில் குருணி மணல் கலந்திருக்கிறது. மணற்காட்டுப் பக்கத்து மணல்மேடுகளைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். அந்த மணலின் பளிங்குத் துணிக்கை கண்ணாடியையே கீறும், கிளியர் கோட் எம்மாத்திரம்? சோழகக் காற்று வீசும் மாதங்களில் பேட் விழவேண்டும் என்பதுகூட இல்லை. மேசையில் திறந்து வைத்தாலே போதும், தூசி தானாக வந்து படியும். பாவிக்காத நேரத்தில் மூடி வையுங்கள்.

எமது தண்ணீரும் பேட்டும்

கழுவும் முறையைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே செய்தால் சரிவராது. காரணம் எமது கிணற்றுத் தண்ணீர்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கிக் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் தயிர்போலத் திரள்வதும் இதனால்தான். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்கிறது.

சவர்க்காரக் கட்டியால் பேட்டைக் கழுவினால் என்ன நடக்கும்? அந்தத் திரளை நுரையின் துவாரங்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அழுக்கை எடுப்பதற்குப் பதிலாக இன்னொரு அழுக்கைச் சேர்க்கிறோம். ஆகவே சவர்க்காரக் கட்டி வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் அல்லது பேட்டுக்கென்றே விற்கும் கிளீனர் போதும். இவை வன்னீரிலும் வேலை செய்யும்.

கடைசியாக அலசும் தண்ணீருக்கு மழைநீர் மிகச் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் கூரையால் விழும் நீரை, முதல் மழையைப் போகவிட்டுவிட்டு, ஒரு மூடிய பரலில் பிடித்து வைக்கிறேன். பேட்டின் கடைசி அலசலுக்கு மட்டும் பாவித்தால் பல மாதங்களுக்குக் காணும். கிணற்று நீரில் கழுவிக் காயவிட்ட பேட் சொரசொரப்பாக இருக்கும், மழைநீரில் அலசியது மென்மையாக இருக்கும். கையால் தடவியே வித்தியாசத்தை அறியலாம்.

கழுவும் முறை

வேலை முடிந்த அன்றே கழுவவேண்டும். இதுதான் முதல் விதி. ஈரமாக இருக்கும் அழுக்கு ஐந்து நிமிடத்தில் போகும். ஒரு இரவு காய்ந்துவிட்டால் அது துவாரத்துக்குள் குருணியாக இறுகும். அந்தக் குருணிதான் அடுத்தவரின் காரைக் கீறுகிறது. அன்றே கழுவ நேரமில்லாவிட்டால் காயாமல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி வையுங்கள், மறுநாள் காலை முதல் வேலையாகக் கழுவுங்கள்.

இளஞ்சூடான தண்ணீர் ஒரு வாளியில். கை தாங்கும் சூடு போதும். கொதிநீர் பசையை இளக்கும். சிறிதளவு திரவத்தைக் கலந்து, பேட்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். இரவிரவாக ஊறவிட்டால் வெல்க்ரோ கழரும். பிறகு பேட்டின் முகத்தைப் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்தி அழுத்தி விடுங்கள். துணிபோல முறுக்கிப் பிழியக்கூடாது. முறுக்கினால் நுரையும் பசையும் பிரியும். நுரை போகும்வரை கிணற்று நீரிலும், கடைசியாக ஒருமுறை மழைநீரிலும் அலசுங்கள். கிளீனர் மிச்சம் இருந்தால் அடுத்த தடவை பொலிஷோடு கலந்து வேலையைக் கெடுக்கும்.

கராஜில் எது அழுக்கானாலும் மண்ணெண்ணெயில் கழுவுவது எமது கைப்பழக்கம். பேட்டுக்கு அது ஆகாது. மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் மூன்றும் நுரையை ஊதவைத்துப் பசையைக் கரைத்துவிடும். வெளுக்கும் திரவமும் வேண்டாம்.

கம்பளி பேட், மைக்ரோபைபர் பேட் பாவிப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே முறைதான். கழுவியபின் அவற்றின் இழைகளைப் பிரஷால் நிமிர்த்திவிட்டுக் காயவைக்கவேண்டும்.

காயவைத்தலும் வைத்தலும்

அழுத்தி நீரெடுத்த பேட்டை மெசினில் ஒட்டி, வெற்று வாளிக்குள் பிடித்து, குறைந்த வேகத்தில் சில விநாடி சுற்றினால் மீதி நீர் தெறித்துப் போகும். பின்னர் நுரைப்பக்கம் கீழாக, வெல்க்ரோ மேலாக, காற்றுப் புகும் தட்டில் வையுங்கள். அப்போது நீர் பசையை விட்டு விலகிக் கீழே இறங்கும்.

வெயிலில் போடவேண்டாம். யாழ்ப்பாணத்து வெயில் பேட்டை ஒரு மணித்தியாலத்தில் காயவைக்கும் என்பது உண்மை. ஆனால் வெயிலின் ஊதாக்கதிர் நுரையை மஞ்சளாக்கிப் பொடியவைக்கும். நிழலில் காற்றோட்டமாக ஒருநாள் வையுங்கள். மாரிகாலத்தில் இரண்டு நாள் செல்லும். ஈரம் மிச்சமிருக்கப் பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், மணக்கும். ஈரப் பேட்டில் வேலை செய்தாலும் பொலிஷ் நீர்த்துப்போய் நாலாபக்கமும் தெறிக்கும். அதனால்தான் கூடுதலாக ஒரு தொகுதி பேட் வைத்திருக்கச் சொல்கிறேன். நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் மூடி, மேலே பாரம் வைக்காமல் அடுக்குங்கள்.

எவ்வளவு காத்தாலும் பேட்டுக்கும் ஆயுள் உண்டு. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் நுரை நிமிராவிட்டால், நடு குழிந்திருந்தால், ஓரம் கிழிந்திருந்தால், வெல்க்ரோ கழன்றிருந்தால் அதைப் பெயின்டில் வைக்கக்கூடாது. ரயருக்குக் கறுப்புப் பூசப் பாவியுங்கள். ஐம்பது ரூபா மிச்சம் பிடிக்கப்போய் ஐம்பதாயிரம் ரூபா வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கழிவு நீர் எங்கே போகிறது?

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரே. சுண்ணக்கல் வடிகட்டாது. மேலே ஊற்றியதைக் கீழே விட்டுவிடும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். அது உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல்தான் தீர்ப்பு வந்தது. நமது வாளித் தண்ணீர் சிறிதுதான். ஆனால் அதே கிணற்றடியில் வருடம் முழுவதும் ஊற்றுகிறோம். கழுவிய நீரை ஒரு வாளியில் ஓர் இரவு அடையவிட்டால் கொம்பவுண்ட் தூள் அடியில் படியும். அந்தச் சேற்றைக் காயவைத்துக் குப்பையோடு கட்டி அகற்றுங்கள். மேல்நீரைக் கிணற்றுக்குத் தூரமாக, வடிகாலில் விடுங்கள். அயலவரின் கிணறு நம்மால் கெடக்கூடாது.

இனிக் கணக்குக்கு வருவோம்

உதாரணத்துக்கு ஒரு பேட் 3,000 ரூபா என்று வைப்போம். கழுவாமல் பாவித்து ஐந்து வாகனத்தில் எறிந்தால், வாகனம் ஒன்றுக்கு ஒரு பேட்டின் செலவு 600 ரூபா. ஒழுங்காகக் காத்து இருபது வாகனம் செய்தால் 150 ரூபா. ஒரு வாகனத்துக்கு மூன்று பேட் என்றால் 1,800 ரூபாவுக்குப் பதில் 450 ரூபா. மிச்சம் 1,350. மாதம் பத்து வாகனம் என்றால் 13,500 ரூபா. இதற்கு நாம் கொடுப்பது நாளுக்கு இருபது நிமிட வேலையும் கொஞ்சத் திரவமும்தான். இரண்டு தொகுதிக்கு ஆறு பேட்டாக வாங்கும்போது முதலில் 18,000 ரூபா கைவிட்டுப் போகும். அது செலவல்ல, முதல். இலக்கங்கள் உங்கள் கடையில் வேறாக இருக்கலாம். ஒரு கொப்பி போடுங்கள். பேட்டுக்கு இலக்கமிட்டு, எத்தனை வாகனம் செய்தது என்று கோடு கீறி வாருங்கள். மூன்று மாதத்தில் உங்கள் கொப்பியே உங்களுக்குப் பாடம் சொல்லும்.

திரும்பச் செய்துகொடுக்கும் வேலையின் நட்டத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. போன வாடிக்கையாளரைச் சேர்க்கவில்லை. அவர் பத்துப் பேரிடம் சொன்னதையும் சேர்க்கவில்லை.

என் கடையில் இன்று ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வாகனத்தை டியூப் லைட்டில் காட்டிக் காசு வாங்குவதில்லை. மறுநாள் காலை வெயிலில் நிறுத்தி, உரிமையாளரைச் சுற்றிப் பார்க்கச் சொன்ன பின்தான் வாங்குவோம். பேட் சுத்தமாக இருந்தால் வெயிலுக்குப் பயப்படத் தேவையில்லை.